பேச வந்தவளைச் சிரிக்க வைத்து அனுப்பினேன்

எங்கள் வீடு ஏலத்துக்குப் போகப்போகிறது என்று எனக்கு உறுதியாகப் பட்ட நாளில், நான் கடையில் நின்று ஒரு வாடிக்கையாளரிடம் கொசுவைப் பற்றி வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கைலிக்குள் என் முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

என் பெயர் தங்கவேலு. ரங்கூன் தின்கன்ஜூனில் தோசைக்கடை வைத்திருக்கிறேன். இதை வாசிக்கிற அம்மனின் பிள்ளைகளில் பாதிப் பேர் என் கடையில் கை நனைத்தவர்கள். மீதிப் பேர் என் வாயில் மாட்டியவர்கள். நம் கோயில் வெள்ளிக்கிழமை வழிபாட்டில் ஒவ்வொருவரும் தன் குறையைச் சொல்லி அழும்போது, பின்வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளிச் சிரிக்க வைக்கிறவன் நான்தான். அப்படிப்பட்டவன் அம்மன் செய்ததற்குச் சாட்சி எழுதுகிறேன் என்றால் நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். ஆனாலும் கேளுங்கள்.

என் தாத்தா அலோன் துறையில் மூட்டை தூக்கியவர். வாடகை வீட்டில் செத்தார். அப்பாவும் வாடகை வீட்டில்தான். எங்கள் வம்சத்தில் சொந்தமாக ஒரு கதவைப் பூட்டித் திறந்த முதல் ஆள் நான். தரைத்தளத்தில் ஒரு வீடு. முன்னறை கடை, பின்னால் இரண்டு அறையில் குடித்தனம். பெருந்தொற்று வருவதற்கு முந்தின வருஷம், அந்த வீட்டையே வங்கியில் அடமானமாக எழுதிக் கொடுத்து, கடன் வாங்கித்தான் அதை வாங்கினேன். அப்போது கடை நன்றாக ஓடியது. தவணையை மாதாமாதம் என் மகன் முருகேசன் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவான்.

பிறகு நடந்ததை ரங்கூனில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நோய் வந்தது, கடை அடைத்தோம். நோய் போனது, வேறொன்று வந்தது. எண்ணெய் விலையும் உளுந்து விலையும் ஏறிய வேகத்தில் நான் தோசையைச் சுருக்கினேன். ஒரு கட்டத்தில் என் தோசையைப் பார்த்து ஒரு அம்மா, இது பொட்டா என்று கேட்டார். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. பாதி மாவு அரைபடும்போது போய்விடும். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினால் அன்றைய லாபம் புகையாகப் போகும்.

அதற்கு மேல், இளவட்டங்களைப் படைக்கு எடுக்கும் சட்டம் வந்தது. அந்த வருஷம் பங்குனியில் முருகேசன் எல்லை தாண்டிப் போனான். கடையில் எனக்கு வலது கை அவன். எங்களுக்கு ஒரே பிள்ளை. இப்போது தாய்லாந்தில் ஒரு மீன் ஆலையில் நின்றபடியே வேலை செய்கிறான். அவன் போன அன்று என் மனைவி மல்லிகா அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மழைக்காலம் முழுக்க அது கவிழ்ந்தபடியே இருந்தது.

ஆவணியிலிருந்து தவணை நின்றது. என்னால் முடியவில்லை. முடியவில்லை என்பதை வங்கியிடம் போய்ச் சொன்னேனா? இல்லை. மல்லிகாவிடம்? அரைகுறையாக. மகனிடம், கடை பிரமாதமாக ஓடுகிறது, ஆள் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். போட்டிருந்த ஆள் நான்தான்.

ஐப்பசியில் வங்கியிலிருந்து ஒரு பெண் வந்தார். மா தீரி என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும், அடக்கமான முகம். நான் வழக்கப்படி, டீச்சரம்மா என்கிற மாதிரி, சயாமா என்று அழைத்தேன். அவர் என்னை ஊலே என்றார், தமிழில் நாம் மாமா என்பது போல. அவர் வாசலில் கால் வைத்ததுமே வீட்டைப் பிடுங்க வந்துவிட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டேன்.

பயந்தவன் என்ன செய்வான்? ஓடுவான், அல்லது அழுவான். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். தோசை, வடை, பால் தூக்கலாக டீ. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் ஒரு கதை எடுத்துவிட்டேன். என் மாமனார் சைக்காவில், அதுதான் சைக்கிள் ரிக்ஷாவில், தூங்கிப்போய், சைக்காக்காரர் அவரை மூட்டை என்று நினைத்துச் சந்தையில் இறக்கிய கதையைச் சொன்னேன். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திச் சிரித்தார். எழுந்து போகும்போது மெல்லக் கேட்டார்.

"ஊலே, எல்லாம் சௌகரியம்தானே?"

"சௌகரியத்துக்கு என்ன குறைச்சல் சயாமா."

போய்விட்டார். நான் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றேன். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நமக்கு ஆனாதே என்றால் என்ன என்று தெரியும். எதிரில் இருப்பவர் முகம் வாடும்படி ஒரு வார்த்தை நம் வாயிலிருந்து வந்துவிடுமோ என்கிற கூச்சம். பர்மியர்களுக்கு அது ரத்தத்தில் இருக்கிறது. நமக்கு மூன்று தலைமுறையாக ஒட்டிக்கொண்டுவிட்டது. சாப்பாடு போட்டுச் சிரிக்க வைத்தவனிடம் பணம் பற்றிப் பேச அந்தப் பெண்ணுக்கு நாக்கு எழாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வடை போட்டேன். கார்த்திகையில் மறுபடியும் வந்தார், மறுபடியும் வடை. மார்கழியிலும் வடை. ஒவ்வொரு முறையும் போகும்போது அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் சௌகரியம் என்று அதே பதில். மல்லிகா உள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கார்த்திகையில் ஒரு காரியம் நடந்தது. எங்களுக்கு மேல் மாடியில் ஒரு பர்மியப் பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். யாரோ தனியாளிடம் வீட்டை அடகு வைத்திருந்தார்களாம். ஒரு காலையில் நாலு பேர் வந்தார்கள். கட்டில், பாய், அரிசிப் பானை எல்லாம் சந்துக்கு வந்துவிட்டன. அந்த அம்மா எதையும் கேட்கவில்லை. புத்தர் மாடத்திலிருந்த பூச்சாடியை மட்டும் தண்ணீர் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஒரு தோசையாவது கொடுத்திருக்கலாம். கடைக்குள் போய்ச் சட்டினிக்குத் தேங்காய் துருவினேன். விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் மூளை எனக்குச் சொந்தமாக இல்லை. வங்கிக்காரர்கள் வருவதற்குள் சாமான்களைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. மைத்துனர் ராமையா ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் வாத்து வளர்க்கிறார். மார்கழியில் ஒரு நாள், மல்லிகா சந்தைக்குப் போயிருந்த நேரம், மாவரைக்கும் கிரைண்டரைச் சாக்கில் சுற்றி டாக்சியில் ஏற்றித் துறைக்குப் போய், படகில் அக்கரை போய், அங்கிருந்து சைக்காவில் வைத்து ராமையா வீட்டில் இறக்கினேன். ராமையா சாக்கைப் பிரித்துப் பார்த்தார்.

"ஏன் மாமா, நாளைக்குக் கடைக்கு எதுல அரைப்பீங்க?"

அதை நான் யோசிக்கவே இல்லை. வீட்டைக் காப்பாற்ற என்னிடம் இருந்த ஒரே வழி கடை. கடைக்கு இருந்த ஒரே கருவி கிரைண்டர். அதை ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் வாத்துகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தேன். வாத்துகள் என்னைப் பார்த்துக் கத்தியது எனக்கு வேண்டியதுதான். அதே சைக்கா, அதே படகு. கிரைண்டரோடு திரும்பினேன்.

இதுவரை சிரித்திருப்பீர்கள். அடுத்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. திரும்பி வரும்போது படகின் ஓரத்தில் நின்றிருந்தேன். ஆறு மண்நிறமாக, மிக அருகில் ஓடியது. எனக்கு நீந்தத் தெரியாது. அது எவ்வளவு சுலபம் என்று ஒரு நினைப்பு வந்தது. யாரோ பக்கத்தில் நின்று மரியாதையாகச் சொல்வது போல வந்தது. கம்பியை விட்டுவிட்டுக் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டேன். கல் கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. கரை வரும்வரை கையை எடுக்கவில்லை. அம்மன் அன்று என்னைப் பிடித்துக்கொண்டாள் என்று இப்போது சொல்வேன். அன்று சொல்லியிருக்க மாட்டேன்.

தெய்வத்திடம் அதற்கு முன்னே போகாமல் இல்லை. போகாத இடமில்லை. நம் அம்மனுக்குப் பால்குடம் நேர்ந்தேன். மொட்டை நேர்ந்தேன். என் தலையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மோசடி என்று தெரியும். பர்மியர்களின் புத்தர் பகோடாவில், அவர்கள் வழக்கப்படி, என் பிறந்த கிழமைக்குரிய மூலையில் தண்ணீர் ஊற்றினேன். நண்பர் ஒருவரோடு தர்காவுக்குப் போய்ச் சர்க்கரை கொடுத்தேன். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கடைசியில் வங்கிக்கு ஒரு கடன், வானத்துக்கு ஒரு கடன் என்று ஆயிற்று. இரண்டிலும் தவணை தவறியிருந்தது. எல்லாரிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: அந்த வங்கிப் பெண் இனிமேல் வரக்கூடாது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நம் கோயிலில் மின்சாரம் இல்லை. எண்ணெய் விளக்கு மட்டும். வழிபாட்டில் வழக்கம்போல ஒவ்வொருவராகக் குறை சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது பக்கத்திலிருந்தவர் முன்கூட்டியே சிரிக்கத் தயாரானார். நானும் தயாராகத்தான் இருந்தேன். நாக்கு நுனியில் ஒன்று இருந்தது. அப்போது மல்லிகா பெண்கள் வரிசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நான் சிரிக்க வைக்கப் போகிறேன் என்று தெரிந்து, அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராகிறவள் போல இருந்தாள்.

அம்மா, என்னால் கட்ட முடியவில்லை என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. வேண்டுதல் இல்லை, நேர்த்தி இல்லை. காப்பாற்று என்றுகூடச் சொல்லவில்லை. ஐந்து மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த வாக்கியம் அது. யாரும் சிரிக்கவில்லை. பூசாரி என் நெற்றியில் விபூதியை அழுத்திப் பூசினார். வீட்டுக்கு நடக்கும்போது மல்லிகா என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணமான புதிதில் அப்படி நடப்பாள்.

திங்கட்கிழமை காலை, கடை திறந்து முதல் தோசை கல்லில் இருக்கும்போது, மா தீரி வந்து நின்றார்.

என் பிரார்த்தனையை அம்மன் கேட்ட லட்சணம் இதுதானா என்று நினைத்தேன். ஆனால் கை தன்பாட்டில் நாற்காலியைத் துடைத்தது. வாய் தன்பாட்டில், சயாமா, என் மாமனாருக்குப் பல் கட்டிய கதை தெரியுமா என்று ஆரம்பித்தது. வடைத்தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

மல்லிகா உள்ளேயிருந்து வந்தாள். அந்தத் தட்டைத் தூக்கினாள். வந்த விருந்தாளி முன்னாலிருந்து தட்டைத் தூக்குவது இந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். தூக்கிக்கொண்டு தமிழில் என்னிடம் சொன்னாள்.

"தின்னுட்டுச் சிரிச்சுட்டுப் போயிருவாங்க. கோயில்ல சொன்னதை இவங்ககிட்டச் சொல்லுங்க. சொன்ன பொறவு தட்டு வரும்."

மா தீரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தட்டு போன திசையைப் பார்த்தார். நான் அடுப்பை அணைத்தேன். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. பர்மிய மொழியில் சொன்னேன், சயாமா, என்னால் கட்ட முடியவில்லை.

அந்தப் பெண் கண்ணை மூடித் திறந்தார். பாரத்தை இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார்.

"ஊலே, இதைக் கேட்கத்தான் ஐப்பசியிலிருந்து வந்துகிட்டிருக்கேன்."

பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். தொழில் படுத்தவர்களுக்குத் தவணையை மாற்றிக் கொடுக்க அவர்கள் வங்கியில் ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். ஆனால் கடன் வாங்கியவரே, முடியவில்லை என்று சொல்லிக் கேட்க வேண்டுமாம். சௌகரியம் என்று சொல்கிறவருக்கு அதைக் கொடுக்க முடியாதாம். நீங்கள் கஷ்டப்படுகிறீர்களே என்று அவராகச் சொல்லலாமா என்று ஒவ்வொரு முறையும் நினைத்தாராம். இவ்வளவு உபசரிக்கிற மனிதரை அவர் கடையிலேயே வைத்துச் சிறுமைப்படுத்துவதா என்று ஆனாதேயாக இருந்ததாம். அந்த மாதம் முடிந்தால் என் கடன் கணக்கு கோர்ட்டு வழக்குப் பிரிவுக்குப் போகுமாம். அதன்பின் ஏலம்தானாம். அவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். இந்தப் பகுதியில் அதுதான் அவருக்குக் கடைசி வாரம். கடைசியாக ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று தோன்றியதால் வந்தாராம்.

ஏன் தோன்றியது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

பாருங்கள், நான் அம்மனிடம் முடியவில்லை என்று சொல்வதற்கு முன்பே அவள் உதவியை அனுப்பிவிட்டாள். ஐப்பசியில் அனுப்பினாள், கார்த்திகையில் அனுப்பினாள், மார்கழியில் அனுப்பினாள். நான் அந்த உதவிக்கு வடை கொடுத்து, கதை சொல்லி, வாயை அடைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இனிமேல் வரக்கூடாது என்று நாலு மதத்துக் கடவுளிடமும் மனு வேறு போட்டிருந்தேன். அந்த மனுவை ஒருவரும் ஏற்காததற்கு அவர்கள் எல்லாருக்கும் என் நன்றி.

தட்டு திரும்ப வந்தது. மா தீரி சாப்பிட்டார். அன்று அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்க வைக்கவில்லை. மல்லிகா ஒரு பொட்டலம் கட்டி அவர் பையில் வைத்தாள்.

இரண்டு நாளில் நானும் மல்லிகாவும் வங்கிக்குப் போனோம். மேலாளர் கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். கடை எவ்வளவு ஓடுகிறது, மின்சாரம் எவ்வளவு நேரம், பிள்ளை எங்கே என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். பிள்ளை பற்றிச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் ஒரு பிள்ளை இருக்கும் என்று நினைக்கிறேன். பேச்சு முழுக்க அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. யாரையும் சிரிக்க வைக்கத் தேவையில்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு நிம்மதி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மா தீரி போகும் முன் எங்களுக்காக எழுத வேண்டியதை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மாசியில் முடிவு சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும். நின்றுபோன தவணைகளை அசலோடு சேர்த்து, மொத்தத்தையும் இன்னும் பல வருஷங்களுக்கு நீட்டித்துக் கொடுத்தார்கள். மாதத் தவணை கடை தாங்கும் அளவுக்குக் குறைந்தது. ஏலப் பேச்சு நின்றது.

கடன் மாயமாக மறைந்துவிட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அம்மன் முன்னால் நிற்க முடியாது. கடன் முன்பைவிட நீளமாகிவிட்டது. கணக்குப் பார்த்தால் எழுபது தாண்டியும் நான் கல்லின் முன்னால் நிற்க வேண்டும். விலைவாசி இறங்கவில்லை. மின்சாரம் இன்னும் அதன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. மாடி வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும் எங்கே போனார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் தெரியவில்லை. கேட்ட வரம் முழுசாகக் கிடைத்தது என்று யாராவது சொன்னால் நான் இப்போது பொறாமைப்படுவதில்லை. எனக்குக் கிடைத்தது போதும். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு, என் கையால் என் கதவைப் பூட்டுகிறேன்.

முருகேசனிடமும் உண்மையைச் சொன்னேன். தொலைபேசியில் அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்பா, நம்ம வீடு இருக்கில்ல?"

"இருக்குடா."

"அப்ப சரி. இனிமே எங்கிட்ட நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவனும் அன்றுதான், ஆலையில் கால் வீங்கிப்போவதையும் இரவில் தூக்கம் வராததையும் முதல் தடவையாகச் சொன்னான். இத்தனை மாதம் அவன் என்னிடம் சௌகரியம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். என் பிள்ளை அல்லவா. இரண்டு பேரும் அழுதோம். மல்லிகா போனை வாங்கி, இரண்டு பேரையும் திட்டினாள்.

பால்குடம் எடுத்துவிட்டேன். மொட்டையும் போட்டேன். நாவிதர் பாதிக் காசுதான் வாங்கினார். மற்ற கோயில்களுக்கும் தர்காவுக்கும் சொன்னது சொன்னபடி செய்தாயிற்று. வெள்ளிக்கிழமை பின்வரிசையில் இன்னும் நான்தான் இருக்கிறேன், வாயும் அப்படியே இருக்கிறது. ஆனால் என் முறை வரும்போது உள்ளதைச் சொல்கிறேன். பக்கத்திலிருப்பவரைக் கிள்ளுவது அதற்குப் பிறகுதான்.

என் சொந்தங்களே, உங்களிலும் சௌகரியம் என்று சொல்லிக்கொண்டு கைலிக்குள் முழங்கால் ஆட நிற்கிறவர்கள் இருப்பீர்கள். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிகிறது, அந்தத் தொழிலில் எனக்கு அனுபவம் அதிகம். வெள்ளிக்கிழமை வாருங்கள். அம்மனிடம் அழகாகப் பேச வேண்டாம். என்ன முடியவில்லையோ அதை, முடியவில்லை என்றே சொல்லுங்கள். அவள் யாரையாவது அனுப்புவாள். ஒருவேளை ஏற்கெனவே அனுப்பியிருப்பாள். வருகிறவர் உங்கள் ஜாதியாக, உங்கள் மொழியாக, உங்களுக்குப் பிடித்த முகமாக வர வேண்டும் என்று கட்டாயமில்லை. யார் வந்தாலும் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். கொடுத்துவிட்டு, வந்தவரைப் பேச விடுங்கள்.